மேலிருந்து மாடியை எண்ணுவது எப்படி?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வானத்திலிருந்து பார்த்தால் எல்லா வீட்டுக்கும் மொட்டை மாடி மட்டும்தானே தெரியும்? எங்கள் வீட்டில் எத்தனை மாடி என்பதைச் செயற்கைக்கோள் எப்படிக் கண்டுபிடிக்கும்?"

அருமையான கேள்வி. இந்நகரில் 2008 முதல் கட்டிய பரப்பை வைத்து, உரிமையாளரே சொத்து வரியைக் கணக்கிட்டுச் செலுத்துகிறார். அந்தக் கணக்கைச் சரிபார்க்க, செயற்கைக்கோள் படத்தில் கூரையின் விளிம்பைக் கோடிட்டு ஒரு தளத்தின் பரப்பை எடுத்துவிடலாம். அகச்சிவப்பு ஒளியில் இலைகள் பளிச்சென்றும் ஏரிநீர் கறுத்தும் தெரிவதால், மரத்தையும் நீரையும் பிரிப்பதும் எளிது. சிக்கல் உயரத்தில்தான்.

நிழலை அளந்தால் என்ன? படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் முற்பகல் பத்தரை மணி வாக்கில்தான் நம்மைக் கடக்கின்றன. அந்த நேரத்தில் 10 மீட்டர் கட்டிடத்தின் நிழல் இங்கே டிசம்பரில் ஏறத்தாழ 9 மீட்டர், ஏப்ரல் கடைசியில் 4 மீட்டர். சூரியனின் கோணம் தெரிந்தால் பள்ளிக்கூட முக்கோணவியலே போதும். ஆனால் சிவாஜிநகர்ச் சந்துகளில் ஒரு வீட்டின் நிழல் தரையில் விழுவதற்குள் எதிர்வீட்டுச் சுவரில் ஏறிவிடுகிறதே!

இங்குதான் என்னை எப்போதும் மயக்கும் வழி வருகிறது. அல்சூரைக் கடக்கும் மெட்ரோ ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பாருங்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, பின்னாலிருக்கும் தெருவின்மேல் வழுக்கிக்கொண்டு போவது போலத் தோன்றும். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வழுக்கும். அந்த வழுக்கலை அளந்தால் உயரம் கிடைத்துவிடும்.

2005 மே 5 அன்று ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோள் கார்ட்டோசாட்-1 இதற்காகவே இரண்டு கேமராக்களைச் சுமந்து சென்றது. ஒன்று 26 பாகை முன்னோக்கிச் சாய்ந்தது. மற்றது 5 பாகை பின்னோக்கி. முதல் கேமரா உங்கள் வீட்டைப் படமெடுத்து ஏறத்தாழ 52 விநாடி கழித்து, அதே வீட்டை இரண்டாவது கேமரா வேறு கோணத்தில் பிடிக்கும். இரு படங்களின் தரையையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். தெரு தெருவோடு சேரும், கூரை மட்டும் விலகி நிற்கும்! ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் விலகல் ஏறத்தாழ 6 மீட்டர்.

ஒரு மாடி 3 மீட்டர் என்றால் விலகல் 2 மீட்டருக்கும் குறைவு. கார்ட்டோசாட்-1 படத்தின் ஒரு புள்ளியோ தரையில் இரண்டரை மீட்டர். ஒரு புள்ளிக்குள் ஒரு மாடியே மறைந்துவிடும். 2019-இல் சென்ற கார்ட்டோசாட்-3-இன் புள்ளி ஏறத்தாழ கால் மீட்டர்தான். அதே கோணங்களில் எடுத்தால் ஒரு மாடிக்கு ஏழு புள்ளிகள் நகரும், அதை எண்ணிவிடலாம்.

இப்படிப் பிறக்கும் உயர வரைபடம் வரிக்கு மட்டும் பயன்பட்டால் எனக்கு வருத்தமே. பெல்லந்தூர் ஏரி நிரம்பினால் நீர் வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் நோக்கிப் போவதும், மழைநீர் எந்தத் தெருவில் தேங்கும் என்பதும் அதில் தெரியும். வீட்டுக்குள் வெள்ளம் வந்ததும் வாஸ்து பார்க்க ஆள் தேடுகிறவர்களைக் கண்டால் மனம் பொறுக்கவில்லை. பழைய ராஜகாலுவேயின் (மழைநீர்க் கால்வாயின்) பாதையில் நிற்கும் வீட்டுக்கு வாசலைத் திருப்பி வைத்து என்ன பயன்? ராக்கெட்டுக்குத் தரும் பணத்தோடு, இந்தப் படங்களைப் பொருத்திக் கணக்கிடும் பல்கலைக்கழக ஆய்வுக்கும் தாராளமாகப் பணம் தர வேண்டும். கிடைக்கும் வரைபடத்தை மக்கள் கையிலும் கொடுக்க வேண்டும்.

வாசகிக்கு ஒன்று: துணி காயப்போட மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டிருந்தால், மேலிருந்து அது இன்னொரு மாடியாகவே தெரியும். கீழே சுவர் உண்டா, யார் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் படத்தில் இல்லை. ஆகவே படத்தை மட்டும் நம்பி நோட்டீஸ் அனுப்பக் கூடாது. அதற்கு முன் ஒருவர் படியேறி வந்து பார்த்தாக வேண்டும்.