டேட்டாஷீட்டில் கடத்துகிறது, ட்ரேயில் கடத்தவில்லை

எலக்ட்ரானிக் சில்லுகளை வைத்து அனுப்பும் கறுப்பு ட்ரேக்களை மோல்டிங் செய்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "அதே மெட்டீரியல், அதே லாட். டேட்டாஷீட்ல ஆயிரம் ஓம்னு போட்டிருக்கு, எங்க பீஸ்ல கோடிக்கணக்குல காட்டுதே சார்?"

சில்லைக் கெடுக்கும் நிலைமின்னை வடிக்க ட்ரே கடத்த வேண்டும்; ஓம் கணக்கில் சொல்லும் எதிர்ப்பு கூடினால் கடத்தல் குறைவு என்று பொருள். பெரும்பாலும் மெட்டீரியல் மேல் குறை இருக்காது. கார்பன் நானோகுழாய் கலந்த பிளாஸ்டிக் எவ்வளவு கடத்தும் என்பதை மூட்டையில் வரும் குருணை மட்டும் முடிவு செய்வதில்லை. மோல்டிங் மெஷினில் என்ன செட்டிங் வைக்கிறோம் என்பதும் முடிவு செய்கிறது.

இந்த ட்ரேயின் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் தானாக மின்சாரத்தைக் கடத்தாது. அதற்குள் சுமார் 10 நானோமீட்டர் விட்டமும் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளமும் உள்ள குழாய்கள் தொட்டும் தொடாமலும் ஒரு வலை பின்னினால்தான் பாதை உண்டாகும். மெதுவாக அழுத்தி வார்த்த தகட்டில் இதற்கு எடையில் 1 சதவீதம் அளவே போதும். கார்பன் பிளாக் என்ற கரித்தூள் என்றால் 15, 20 சதவீதம் கூடத் தேவைப்படும், கறுப்புத் தூளும் உதிரும். அதனால்தான் விலை கூடினாலும் நானோகுழாய்க்கு மாறுகிறார்கள்.

சிக்கல், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தும் இஞ்செக்ஷன் மோல்டிங்கில் வருகிறது. உருகிய பிளாஸ்டிக் சிறிய கேட் (அச்சுக்குள் நுழையும் வாய்) வழியாக வேகமாகப் பாயும்போது, வாய்க்கால் தண்ணீரில் போகும் வைக்கோல் போல, குழாய்கள் ஓட்டத்தின் திசையிலேயே திரும்பிவிடும். ஒன்றையொன்று குறுக்கே தொடும் இடங்கள் குறையும். அச்சின் குளிர்ந்த சுவரில் பட்ட அடுக்கு அந்த நிலையிலேயே உறையும். நடுப்பகுதி மெதுவாக ஆறுவதால் அங்கே குழாய்கள் மறுபடி கூடிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஆக, உள்ளே கடத்தும் ட்ரேக்கு வெளியே கடத்தாத தோல். சில்லு உட்காருவதோ அந்தத் தோலின் மேல்! சுவர் மெலிதாக இருந்தால் தோலின் பங்கு இன்னும் கூடும்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரப் பாலிமர் ஆய்வு நிறுவனத்தினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஹோல்டிங் பிரஷர் (அச்சு நிரம்பிய பிறகும் தரும் அழுத்தம்), இஞ்செக்ஷன் வேகம், அச்சு வெப்பம், உருகு வெப்பம் (உருகிய பிளாஸ்டிக்கின் சூடு) நான்கையும் மாற்றிப் பார்த்தார்கள். அதிகம் பாதித்தவை வேகமும் உருகு வெப்பமும்தான். என் அனுபவமும் அதுவே. சைக்கிள் டைமை (ஒரு பீஸுக்கு ஆகும் நேரத்தை) குறைக்க வேகத்தை ஏற்றி, வெப்பத்தை இறக்கும் இடங்களில்தான் இந்தப் புகார் வருகிறது. பீஸ் பார்வைக்கு அழகாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது.

முதலில் உருகு வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அப்புறம் வேகத்தைக் குறையுங்கள், அச்சையும் சூடாக வையுங்கள். இதற்கும் எல்லை உண்டு. சரியாக உலர்த்தாத பாலிகார்பனேட்டை அதிகச் சூட்டில் பேரலில் (மெஷினில் பிளாஸ்டிக் உருகும் உருளையில்) நிற்கவிட்டால் அது சிதைந்து நொறுங்கும். வேகத்தை ரொம்பக் குறைத்தால் மூலைகள் நிரம்பாது. ஊசிமுனை போன்ற கேட்டைவிட அகலமான கேட் நல்லது, ஆனால் இதை அச்சு வெட்டுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். நானோகுழாயைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்பவர்கள் கவனிக்க: குழாய் கூடினால் உருகல் கெட்டியாகும், பீஸ் எளிதில் உடையும், செலவும் ஏறும்.

சோதனையிலும் கவனம் வேண்டும். மேற்பரப்பு எதிர்ப்பு 10,000 ஓமுக்குக் கீழே என்றால் கடத்தி. அதற்கு மேல் 10,000 கோடி ஓம் வரை மின்னேற்றத்தை மெல்ல வடிப்பது. இந்தப் பொருட்களில் மின்னழுத்தம் கூடினால் எதிர்ப்பு குறைவாகக் காட்டும். அதனால் வயரிங் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்து ஓகே சொல்லாதீர்கள். 10 வோல்ட், தேவைப்பட்டால் 100 வோல்ட் தரும் கருவியால், கேட்டின் பக்கத்திலும் கடைசியாக நிரம்பும் மூலையிலும் அளந்து பாருங்கள். நிலைமின் அதிர்ச்சி சுமார் 3,000 வோல்ட் தாண்டினால்தான் மனிதருக்குத் தெரியும். 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெட்டுப்போகும் சில்லுகள் இருக்கின்றன. பாதி கெட்ட சில்லு சோதனையில் தேறிவிட்டு, வாங்கியவர் கையில் போய்ச் செயலிழக்கும்.

குறை மெட்டீரியலிலா, மோல்டிங்கிலா என்று சப்ளையரோடு வாக்குவாதம் வந்தால், ட்ரேயிலிருந்து ஒரு துண்டை வெட்டி எதிர்ப்பை அளந்துகொள்ளுங்கள். அதை ஓவனில் பாலிகார்பனேட் இளகும் 150 டிகிரிக்கு மேல், 200 டிகிரி வாக்கில் சிறிது நேரம் வைத்து, ஆறியதும் மறுபடி அளங்கள். துண்டு கோணிவிடும், பரவாயில்லை. எதிர்ப்பு பல மடங்கு இறங்கியிருந்தால், தேவையான குழாய் உள்ளே இருக்கிறது, மாற்ற வேண்டியது மெஷின் செட்டிங். அசையவே இல்லை என்றால் சப்ளையரைக் கூப்பிடுங்கள்.