குறைகுடம் ஏன் கூத்தாடுகிறது?

'நிறைகுடம் தளும்பாது' என்பதை அடக்கத்துக்கு உவமையாகத்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். யாராவது அதை இயற்பியலாகச் சொல்லித் தந்திருக்கலாம். தண்ணீர் தூக்கியவர்கள் கண்ணால் பார்த்த உண்மை அது.

பாத்திரத்துத் தண்ணீரை ஒருமுறை அசைத்துவிட்டால் ஊஞ்சல்போல் இப்பக்கமும் அப்பக்கமும் போய்வரும். ஊஞ்சலின் வேகத்தைக் கயிற்றின் நீளம் தீர்மானிக்கிறது. தண்ணீரின் ஆட்டத்தைப் பெரும்பாலும் அதன் மேற்பரப்பின் அகலம் தீர்மானிக்கிறது. அகலம் கூடினால் ஆட்டம் நிதானமாகும். ஓரளவு ஆழமும் 30 செ.மீ. குறுக்களவும் உள்ள வட்டப் பரப்பு நொடிக்குச் சுமார் 1.7 தடவை ஆடும். நாம் இயல்பாக நடக்கும்போது நொடிக்கு இரண்டு காலடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துவைக்கிறோம். வந்தது வினை! ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல ஒவ்வோர் அடியும் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. வாளித் தண்ணீர் வீடு வந்து சேர்வதற்குள் பாதி புடவையில் இருப்பது இதனால்தான்.

அரைக்குடத்தில் தண்ணீரின் மேற்பரப்பு குடத்தின் வயிற்றில், அதாவது மிக அகன்ற இடத்தில், இருக்கிறது. எனவே அதுவும் வாளியைப் போலவே ஆடும். கழுத்துவரை நிரப்பிப் பாருங்கள்: பரப்பு 10 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அந்தச் சின்ன வட்டம் நொடிக்கு மூன்று தடவை ஆடத் துடிக்கும். நம் காலடியோடு அதற்குத் தாளம் சேராது. அதைவிட முக்கியம், ஆடுவதற்கு அங்கே இருக்கும் தண்ணீரே கொஞ்சம்தான். வயிற்றில் அடைபட்ட மீதி, கல்லைப்போல் குடத்தோடு சேர்ந்து நகர்கிறது.

கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர், காபிக் கோப்பையோடு ஆட்களை நடக்கவிட்டு நடைக்கும் தளும்பலுக்குமான உறவை அளந்தார்கள். 2012-இல் அதற்கு, முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. நுரையைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. ஐந்து அடுக்குக் குமிழிகள் இருந்தாலே அலையின் உயரம் பத்தில் ஒரு பங்காகிறது என்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். பால்காரர்கள் கேனுக்குள் வைக்கோல் போடுவது ஏறக்குறைய இதே தந்திரம்தான்; அதற்கு யாரும் பரிசு தரவில்லை.

அப்படியானால் கழுத்தை இன்னும் குறுக்கினால் என்ன? கை நுழையாது, குடத்தை உள்ளே தேய்த்துக் கழுவ முடியாது. சாய்த்தால், தண்ணீர் வெளியேறும் அதே வழியில்தான் காற்றும் உள்ளே போகவேண்டும். இரண்டும் முட்டி மோதிக் குளுக் குளுக்கென்று சிந்தும். குடத்தின் கழுத்து, தளும்பலுக்கும் தேய்ப்பவரின் கைக்கும் இடையே பேரம் பேசி முடித்த அளவு.

1958-இல் இந்திய அரசுக்கு அறிக்கை எழுதிய அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி, லோட்டா என்ற எளிய செம்பைப் பார்த்து இப்படித்தான் கேள்விகளை அடுக்கினார்கள். எவ்வளவு பிடிக்கவேண்டும், தலையிலா இடுப்பிலா, காலியாக இருக்கையில் எடை எங்கே நிற்கும், நிறைந்தபின் எங்கே, வேகமாக நடந்தால் உள்ளே தண்ணீர் என்ன செய்யும்? தனியொருவர் இதை வடிவமைத்திருக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது.

15 லிட்டர் தண்ணீர் 15 கிலோ. வாளியில் அத்தனையும் விரல்களில் தொங்கும். குடத்திலோ எடை இடுப்பெலும்பின்மேல் உட்கார்ந்துகொள்ளும். கழுத்தை வளைத்த கைக்குக் குடம் சாயாமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டுமே. உடம்பு எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்து, மொத்த எடையையும் பாதங்களுக்கு நேராகக் கொண்டுவந்துவிடும்.

மண், பித்தளை, எவர்சில்வர் என்று மாறிவந்த குடம் கடைசியில் பிளாஸ்டிக்கானது. சூடான பிளாஸ்டிக் குழாயை இரண்டு அச்சுப் பாதிகளுக்கு நடுவே வைத்துக் காற்றை ஊதினால், பலூன்போல் விரிந்து அச்சில் ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு அந்தப் பாதிகள் சேர்ந்த இடம். எந்த வடிவத்திலும் ஊதியிருக்கலாம். ஆனாலும் பித்தளைக் குடத்தையேதான் ஊதினார்கள். தூக்கும் இடுப்பு மாறவில்லையே!

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, தண்ணீர் லாரி வரும் தெருக்களில் அந்தக் குடங்கள்தான் வரிசையில் நின்றன. பச்சை, ஆரஞ்சு, நீலம். அடையாளத்துக்குக் கழுத்தில் ஒரு துணிக் கிழிசல். ஆள் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம், குடம் இடம்பிடித்து நிற்கும்.

இப்போது எங்கள் வீட்டில் 20 லிட்டர் கேன்தான். மூடி இருப்பதால் தளும்பாது. ஆனால் தலைகீழாகக் கவிழ்த்துவைப்பதற்கென்று செய்த பொருள் அது, இடுப்பில் உட்காராது. கேன் போடுபவர் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறிவருகிறார். அவர் போனதும் அம்மா அந்தத் தண்ணீரை எவர்சில்வர் குடத்தில் கழுத்துவரை ஊற்றித் தட்டைப் போட்டு மூடுகிறார்.