இன்னும் ஐம்பது அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா?

கடலோரத்தில் கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிடுகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், போரை இன்னும் ஐம்பது அடி இறக்கலாமா?" வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன். சிலர் இறக்கிவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள், அது வேறு கதை.

உப்பு கடற்கரைப் பக்கமிருந்து வருகிறது என்று நினைக்கிறோம். கிணற்றைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் கீழேயிருந்துதான் வருகிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது. அதனால் நிலத்தடியில் ஆப்பு மாதிரி நுழைந்து கிடக்கும். மழை கொடுத்த நன்னீர் அதன்மேல் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். கைபென் என்ற டச்சுப் பொறியாளர் 1889 வாக்கிலும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் பொறியாளர் 1901இலும் சொன்ன கணக்கு இது. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் 20 மீட்டர் ஏறிவிடும். களிமண் அடுக்கு இருந்தால் இந்த எண் மாறும், இரண்டு நீரும் கலந்து கிடக்கும் பகுதியாலும் மாறும். ஆனால் போகிற திசை மாறாது. ஆழம் போடுகிறவர் உப்பைத் தேடித்தான் போகிறார்.

ஒரு விவசாயியின் கிணற்றில் காலை முதல் வாளி நன்றாக இருக்கும், இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடியதும் கரிக்கும். குழாயில் கோளாறு என்று அவர் குழாயையே மாற்றியிருந்தார். நடந்தது வேறு. வேகமாக இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்புபோல மேலெழும். மோட்டாரை நிறுத்தினால் மெல்லத் தணியும், ஆனால் மணலில் கலந்த உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. போரின் அடிப்பகுதியை அடைத்து, சின்ன மோட்டார் வைத்து, விட்டுவிட்டு ஓட்டச் சொன்னேன். தண்ணீர் குறைந்தது என்று கோபம்தான்; ஆனால் பயிருக்குப் பாய்ச்சும்படி வந்தது.

கெடுவதற்குக் கொஞ்சம் போதும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே 380 மில்லிகிராம் கூடிவிடும். நாக்குக்கு 250ஐத் தாண்டும்போதே தெரிய ஆரம்பிக்கும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு: நீர்தான் ஆவியாகும், உப்பு இன்னும் கெட்டிப்படும்.

எல்லா உப்பும் இன்றைய கடலுடையது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறால் பண்ணை, உப்பளம், கழிவுநீர், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் களிமண்ணில் சிக்கிய பழைய கடல்நீர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறியாமல் செய்யும் செலவு வீண்.

உள்ளே வந்த கடலை வெளியே தள்ளவும் முடியும், ஆனால் அது தனி ஆளால் ஆகிற வேலை இல்லை. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் 1976இலேயே கழிவுநீரை நன்றாகச் சுத்திகரித்து, கடலோரக் கிணறுகள் வழியாக நிலத்துக்குள் செலுத்தி, நன்னீரையே தடுப்பாக எழுப்பினார்கள்.

தனி ஆளால் முடிவது அளப்பது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் கையடக்க மின்கடத்துதிறன் மீட்டரும் ஒரு நோட்டும் போதும். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. மோட்டார் போட்டதும் ஒன்று, இரண்டு மணி நேரம் ஓடியபின் ஒன்று. நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் கூப்பிடுங்கள். ஐம்பது அடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த நோட்டைத்தான் நான் கேட்பேன்.