பஞ்சுக் குச்சி உருவாக்கிய கொலைகாரி: உண்மைச் செய்தியை த்ரில்லர் கதையாக்கும்போது

ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரம், 2007 ஏப்ரல் 25. ரோந்துக் காரில் இருந்த 22 வயதுப் பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்த காவலர் படுகாயத்தோடு பிழைத்தார். காரில் எடுத்த தடயத்தில் ஒரு பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. அதே டி.என்.ஏ. 1993இல் நடந்த ஒரு கொலை வழக்கின் தேநீர்க் கோப்பையிலும், காட்டோரம் கிடந்த ஹெராயின் ஊசியிலும், திருட்டு நடந்த கேரவனில் பாதி தின்று போட்ட பிஸ்கட்டிலும், பிரான்சில் கொள்ளைக்காரர்கள் விட்டுப்போன பொம்மைத் துப்பாக்கியிலும் இருந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என மூன்று நாடுகளில் ஏறக்குறைய 40 இடங்கள். தகவல் தருபவருக்கு 3,00,000 யூரோ பரிசு என்று அறிவித்தார்கள்.

2009 மார்ச்சில் உண்மை தெரிந்தது. அப்படி ஒரு கொலைகாரியே இல்லை. தடயம் எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் கையாண்ட ஒரு பெண் தொழிலாளியின் டி.என்.ஏ.தான் அது.

இந்தச் செய்தியைப் படிக்கும் எழுத்தாளர் பத்துப் பேரில் ஒன்பது பேர் பஞ்சுக் குச்சியைக் கடைசி அத்தியாயத்துக்கு எடுத்து வைப்பார்கள். அங்கேதான் கதை கெடுகிறது. முந்நூறு பக்கம் ஒருத்தியைத் துரத்திய வாசகரிடம் ‘அவள் இல்லவே இல்லை’ என்றால் அவர் ஏமாந்ததாகத்தான் உணர்வார். விசித்திரத் தகவல் கதையின் பூட்டாக இருக்கலாம், சாவியாக இருக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு கதை நகர்ந்ததுமே பஞ்சுக் குச்சி விஷயத்தை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு யாருக்குத் தெரியும், யார் மறைக்கிறார்கள், இத்தனை நாள் தப்பான ஆளைத் தேடியதில் யாருக்கு லாபம் என்பதுதான் கதை.

அந்த லாபம் நிஜத்திலும் ஒருவருக்கு இருந்தது. 2011 நவம்பரில் ஐசனாக் நகரில் எரிந்த ஒரு வேனுக்குள், என்.எஸ்.யூ. என்ற நவநாஜி கும்பலைச் சேர்ந்த இரண்டு ஆண்களின் சடலங்களோடு ஹைல்பிரான் காவலர்களின் துப்பாக்கிகளும் கிடைத்தன. அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்தது அந்தக் கும்பல்தான் என்று அப்போது தெரிந்தது. இல்லாத பெண்ணைத் தேடிய இரண்டு வருடங்களில் சந்தேகம் ரோமா நாடோடி மக்கள் மீதும் விழுந்தது. என்னைக் கேட்டால், பஞ்சுக் குச்சியைவிட நாவலுக்கான கனம் இங்கேதான் இருக்கிறது.

தகவலை அப்படியே தூக்கிவராமல், அதற்கு அடியில் இருக்கும் தவறான நம்பிக்கையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். இங்கே அது: ‘கிருமி நீக்கம் செய்த பொருளில் யாருடைய டி.என்.ஏ.வும் இருக்காது.’ கிருமி நீக்கம் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.வை முழுதாக அழித்துவிடாது. அதே தொகுதியில் பயன்படுத்தாத குச்சிகளைத் தனியாகச் சோதித்திருந்தால் குட்டு முன்பே உடைந்திருக்கலாம். தடயப் பொருள் தயாரிப்பில் மனித டி.என்.ஏ. கலப்பதைக் கட்டுப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 18385 தரநிலை 2016இல்தான் வந்தது.

அடுத்து, குட்டு எப்படி உடைந்தது என்று பாருங்கள். அந்த வேன் சம்பவத்துக்கு முன்பே, வேறொரு வழக்கில் எரிந்து கிடந்த ஓர் ஆணின் அடையாளத்தை உறுதிசெய்ய, அவருடையது என்று கருதிய பழைய அகதி விண்ணப்பத்திலிருந்த கைரேகையைச் சோதித்தார்கள். வந்தது பெண்ணின் டி.என்.ஏ. வேறு குச்சியால் மறுபடி சோதித்தபோது அது இல்லை. உங்கள் துப்பறிவாளருக்கும் இப்படி ஒரு முரண்பாடு கையில் கிடைக்க வேண்டும். திடீரென்று ஞானம் பிறப்பதெல்லாம் சோம்பேறித்தனம்.

கதையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. ‘கம்ப்யூட்டரில் தட்டினேன், பழைய குற்றவாளியின் டி.என்.ஏ.வோடு பொருந்தியது’ என்ற வரி பல கைப்பிரதிகளில் வருகிறது. இந்தியாவில் அப்படி ஒரு தேசிய டி.என்.ஏ. தரவுத்தளத்துக்கான 2019 மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. கைரேகைக்குத்தான் 2022 முதல் ‘நாஃபிஸ்’ என்ற தேசிய அமைப்பு இருக்கிறது. ஆகவே அடியிலிருக்கும் தவறான நம்பிக்கையை வைத்துக்கொண்டு பொருளை மாற்றுங்கள். உதாரணமாக, மூன்று கடத்தல் வழக்குகளில் வாயை ஒட்டிய பேக்கிங் டேப்பின் பசைப் பக்கத்தில் ஒரே கைரேகை. ஜென்ஷியன் வயலட் சாயம் பட்டால் பசைமேல் பதிந்த ரேகை ஊதாவாகத் தெரியும். அது கடத்தியவனுடையது அல்ல, டேப் சுருளின் முனையைப் பிரித்துக் காட்டி விற்கும் கடைப் பையனுடையது. அவன் பெயர் ஏற்கனவே ஏதோ சில்லறைத் திருட்டில் நாஃபிஸில் ஏறியிருந்தால், கதை ஓட ஆரம்பித்துவிடும்.

காலத்தையும் கவனியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதையும் வீடியோ பதிவையும் கட்டாயமாக்குகிறது. ஆனால் மாநிலங்கள் அதை அமல்படுத்த ஐந்தாண்டு வரை அவகாசம் தந்திருக்கிறது. அந்த இடைவெளி கதாசிரியருக்குக் கிடைத்த வரம்.

இன்னொரு தகவலும் இப்போது அதிகமாகப் புழங்குகிறது: ஒரே உடலில் இரண்டு டி.என்.ஏ. இதை ‘கைமெரா’ என்பார்கள். பாஸ்டனில் சிறுநீரக மாற்றுக்காகச் சோதிக்கப்பட்ட 52 வயதுப் பெண்ணுக்கு, பெற்ற மூன்று மகன்களில் இருவர் அவருடைய பிள்ளைகளே அல்ல என்று முடிவு வந்தது. கருவிலேயே இரண்டு கருக்கள் ஒன்றாகிப் பிறந்தவர் அவர். 2002இல் மருத்துவ இதழில் வெளியான வழக்கு இது. கொலைகாரன் கைமெரா என்று கிளைமாக்ஸில் சொல்லித் தப்பிப்பது பழைய இரட்டைப் பிறவித் திருப்பத்தின் புதுச் சட்டைதான். இதே காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஒரு தாய், பரிசோதனை முடிவால் மோசடிக்காரியாகப் பார்க்கப்பட்டார். அடுத்த பிரசவத்தை நீதிமன்றம் அனுப்பிய சாட்சி நேரில் பார்த்தார். அந்தக் குழந்தையும் பொருந்தவில்லை! முதல் அத்தியாயம் அங்கே தொடங்கலாம்.

நிஜ வழக்கை எடுப்பவர்கள் ஊர், தொழில், உறவுமுறை மூன்றையும் மாற்றிவிடுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, ஆளை அடையாளம் காண முடிந்தாலே சிக்கல்தான். ‘இறந்தவர்தானே’ என்பதும் செல்லாது. இறந்தவர் உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுக்கும் என்ற அளவில், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதியதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 356ஆம் பிரிவில் அவதூறாகலாம். முதல் பக்கத்தில் ‘யாவும் கற்பனையே’ என்று போட்டுவிட்டால் மட்டும் வழக்கிலிருந்து தப்பிவிட முடியாது.