பழைய ஐ7-ல் விண்டோஸ் 11 ஏன் ஏறாது?

"சார், ஐ7 மெஷின், 16 ஜிபி ரேம், புது எஸ்எஸ்டி. இதுல விண்டோஸ் 11 ஏறாதா?" விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. செகண்ட்ஹேண்ட் லேப்டாப்புக்குப் பணத்தைக் கொடுத்து முடித்த பிறகு கேட்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஐ3, ஐ5, ஐ7 என்பது இன்டெல் புராசஸரின், அதாவது சிப்பின், தரவரிசை; தலைமுறை இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு ஐ3 உண்டு, ஒரு ஐ5 உண்டு, ஒரு ஐ7 உண்டு. விண்டோஸ் 11 பார்ப்பது தலைமுறையை. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை முதல். 7-இல் விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகள்தான். ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல். 2013-இல் வந்த ஐ7-4770 தேறாது. 2017-இல் வந்த ஐ3-8100 தேறும். ரேமை 32 ஜிபி ஆக்குங்கள், எஸ்எஸ்டி மாட்டுங்கள், மெஷின் பறக்கும். ஆனால் சிப்பின் தலைமுறை மாறாது.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் திறந்தால் புராசஸரின் முழுப்பெயர் இருக்கும். ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7200யு ஏழாம் தலைமுறை, 8250யு எட்டு. எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 10400 பத்து, 1135ஜி7 பதினொன்று. 1135-ஐ முதல் தலைமுறை என்று நினைத்து நல்ல மெஷினைத் தள்ளிவிடாதீர்கள். முதல் தலைமுறை எண்கள் 520எம் போல மூன்று இலக்கத்தில்தான் இருக்கும்.

சிப் சரியாக இருந்தும், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று வருகிறதா? தயவுசெய்து மதர்போர்டு மாற்ற ஓடாதீர்கள். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புகளில் அது பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) அணைந்தே கிடக்கும். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள். பிறகு வின்+ஆர் அழுத்தி டிபிஎம்.எம்எஸ்சி கொடுத்தால் ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0 என்று காட்டும்.

பெரிய சேதம் இதற்கு அடுத்த படியில்தான். விண்டோஸ் 11-க்குச் செக்யூர் பூட் (பூட் ஆகும்போது நடக்கும் பாதுகாப்புச் சோதனை) வேண்டும் என்று, பயாஸில் பூட் முறையைப் பழைய லெகசியிலிருந்து புதிய யுஇஎஃப்ஐ-க்கு மாற்றிவிடுகிறார்கள். டிஸ்க் இன்னும் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கும்; யுஇஎஃப்ஐ-யில் விண்டோஸ் பூட் ஆக ஜிபிடி முறை வேண்டும். 'பூட் டிவைஸ் இல்லை' என்று கறுப்புத் திரை வரும். டேட்டா போய்விட்டதாகப் பதறி ஃபார்மேட் அடிக்கிறார்கள். ஐயா, டேட்டா அப்படியேதான் இருக்கிறது! பயாஸைப் பழையபடி லெகசிக்கு மாற்றினால் மெஷின் எழுந்துவிடும். முறைப்படி செய்வதென்றால் முதலில் பேக்கப். பிறகு அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்கை ஜிபிடி-க்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை முதலில் வேலிடேட் (சரிபார்ப்பு) போட்டு ஓட்டுங்கள், அது தேறினால் கன்வர்ட் (மாற்றம்). விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டினால் இரண்டிலும் அலவ்ஃபுல்ஓஎஸ் சேர்க்க வேண்டும். பிரைமரி பார்ட்டிஷன் நான்கு இருந்தால் வேலிடேட்டிலேயே நின்றுவிடும். கன்வர்ட் முடிந்த பிறகே பயாஸில் கைவையுங்கள்.

டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் பயாஸைத் தொடும் முன் அதை சஸ்பெண்ட் (தற்காலிக நிறுத்தம்) செய்யுங்கள். 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கீ இல்லாமல் வரும் டிஸ்கை எந்த டெக்னீஷியனாலும் திறக்க முடியாது.

விண்டோஸ் 11-இன் தகுதிச் சோதனையைத் தாண்டி, தேறாத மெஷினிலும் அதை ஏற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். ஏறும். ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால்தான் ஏற்ற வேண்டும். கோர் 2 டுவோ என்ற பழைய இன்டெல் சிப்பில் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு பூட்டே ஆகாது. அது கேட்கும் பாப்கவுன்ட் கட்டளை அந்தச் சிப்பில் இல்லை. வீட்டில் விளையாட்டுக்கு என்றால் சரி, கடைக் கணக்கு வைத்திருக்கும் மெஷினில் வேண்டாம்.

தேறாத மெஷினைக் குப்பையில் போடவும் வேண்டாம். விண்டோஸ் 10-இன் 22ஹெச்2 பதிப்புக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. பிரவுசரும் எழுத்து வேலையும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் நன்றாகவே ஓடும்.

வாங்கப் போகிறவர்களிடம் ஒரே கெஞ்சல்: 'ஐ5 லேப்டாப்' என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள். புராசஸரின் முழு எண்ணையும் எழுதச் சொல்லி, மெஷினை ஆன் செய்து அபவுட்டில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.