பிகினி தீவு தேங்காய்ல சீசியம் ஏறுனது எப்படி

பசிபிக் கடல்ல மார்ஷல் தீவுகள்ல பிகினின்னு ஒரு பவளத்தீவு இருக்கு, போட்டோவுல பார்த்தா வெள்ளை மணல், கயிறு பிடிச்சு நட்ட மாதிரி நேர் நேரா தென்னை, பார்க்கவே ஆசையா இருக்கும். ஆனா அந்த மரத்து காய்தான் அங்க இருந்த ஜனங்களை இரண்டாவது தடவை ஊரை விட்டு கிளம்ப வெச்சது.

முதல் தடவை 1946ல. அணுகுண்டு சோதனைக்காக அமெரிக்கா அங்க இருந்த 167 பேரை ரோங்கெரிக் தீவுக்கு அனுப்பிடுச்சு. 1958 வரைக்கும் பிகினியில மட்டும் 23 குண்டு வெடிச்சாங்க, அதுல 1954 மார்ச் 1ஆம் தேதி வெடிச்ச பிராவோ 15 மெகாடன், ஹிரோஷிமாவுல போட்டதை விட ஆயிரம் மடங்கு. அதோட சாம்பல்ல கலந்து வந்த கதிர்வீச்சு பொருள்ல ஒண்ணுதான் சீசியம்-137.

1968ல அமெரிக்க அதிபர் ஜான்சன் இனிமே திரும்பி போகலாம்னு அறிவிச்சார். தீவை சுத்தம் பண்ணி வீடு கட்டி புதுசா தென்னை நட்டாங்க, கொஞ்சம் குடும்பங்க நம்பி வந்துச்சு. கன்னு மரமாகி காய்ப்புக்கு வர சில வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் இளநீரும் தேங்காயும் தினசரி சாப்பாட்டுல சேர்ந்ததும் அவங்க உடம்புல சீசியம் மளமளன்னு ஏற ஆரம்பிச்சது. 1978ல மறுபடி எல்லாரையும் கப்பல்ல ஏத்துனாங்க. சொந்த ஊர் மண்ணுல நட்ட மரத்தையே சாப்பிடாதேன்னு சொல்றதை ஒரு மனுஷன் எப்படி தாங்குவான்னு நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்குது.

சரி, மரத்துக்குள்ள அது எப்படி போகுது? தென்னைக்கு பொட்டாஷ் வைக்கிறவங்களுக்கு தெரியும், அது பொட்டாசியத்தை அவ்வளவு இழுக்கிற மரம், கிட்னி பிரச்சனை உள்ளவங்களை இளநீர் குடிக்க வேண்டாம்னு டாக்டருங்க சொல்றதும் அந்த பொட்டாசியத்துக்காகத்தான். சீசியமும் பொட்டாசியமும் வேதியியல்ல ஒரே குடும்பம், குணமும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால பொட்டாசியம் போற வழியிலயே சீசியமும் வேருக்குள்ள நுழைஞ்சிடுது. நம்ம உடம்பும் இதே மாதிரிதான் ஏமாறுது, பொட்டாசியம்னு நினைச்சு சதைக்குள்ள கொண்டு போய் வெச்சுக்குது. ஒரு நல்லது என்னன்னா அங்கேயே தங்காது, சாப்பிடுறதை நிறுத்தினா சுமார் மூணு மாசத்துல பாதி வெளிய போயிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம் மண்ணு. களிமண் இருக்கிற நிலத்துல சீசியம் விழுந்தா, அந்த களிமண் தகடுகளுக்கு நடுவுல மாட்டிக்கும், செடிக்கு அவ்வளவா கிடைக்காது. பவளத்தீவுல களிமண்ணே கிடையாது, எல்லாம் பவளமும் கிளிஞ்சலும் நொறுங்கின சுண்ணாம்பு மணல், பொட்டாசியமும் ரொம்ப ரொம்ப கம்மி. பட்டினி கிடக்கிற வேருக்கு பக்கத்துல சீசியம் கட்டு இல்லாம கிடக்குது, எடுக்காம என்ன செய்யும்? தரையில இருந்து வர்ற கதிர்வீச்சை விட சாப்பாடு வழியா வர்றதுதான் அங்க பெரிய பங்கு.

மேல்மண்ணை மொத்தமா வழிச்சு எடுத்துடலாம்னு ஒரு யோசனை இருந்துச்சு. ஆனா அந்த கருப்பு மண்ணு சேர எத்தனையோ காலம் ஆயிருக்கும், அதை எடுத்தா சீசியம் போகும், மரம் வளர்ற தெம்பும் சேர்ந்து போயிடும். அமெரிக்காவோட லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்துக்காரங்க வேற வழி பார்த்தாங்க, மரத்தடியில பொட்டாசியம் உரம் போட்டு வருஷக்கணக்கா காயை அளந்துகிட்டே வந்தாங்க, சீசியம் பத்துல ஒரு பங்கு அளவுக்கு இறங்கிடுச்சு! வேருக்கு உண்மையான பொட்டாசியமே வயிறு நிறைய கிடைச்சா சீசியத்துக்கு இடம் இல்ல, அவ்வளவுதான். சர்வதேச அணுசக்தி முகமையும் 1998ல, வீட்டை சுத்தி மட்டும் மண்ணை எடுங்க, பயிர் வைக்கிற இடத்துல பொட்டாசியம் போடுங்கன்னு இதையேதான் சொல்லுச்சு.

உரம் போடாத இடத்துல என்ன நடக்குதுன்னா, விழுந்த காயும் மட்டையும் மரத்தடியிலயே மக்கி, அதுல இருந்த சீசியம் மண்ணுக்கு வந்து, அதே வேர் வழியா மறுபடி மேல ஏறுது, இடையில கொஞ்சத்தை தென்னை நண்டு தின்னு தன் சதையில சேர்த்து வெச்சுக்குது. ஒவ்வொரு சுத்துலயும் மழைத்தண்ணி கொஞ்சத்தை கரைச்சு கீழ இறக்கிடுது. சீசியம் தானா பாதியாக 30 வருஷம் ஆகும், ஆனா இந்த மழையால அங்க சுமார் எட்டரை வருஷத்துக்கு ஒரு தடவை மரத்துல பாதியாகிட்டு வருதுன்னு அளந்து பார்த்திருக்காங்க.