மூச்சு தயார், எலும்பு தயாரில்லை

லண்டன் மராத்தானில் ஓட இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. குலுக்கலில் பெயர் விழாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஏதாவது ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டால், அதன் ஒதுக்கீட்டிலிருந்து ஓர் இடம் கிடைக்கும். பெரும்பாலும் 2,000 பவுண்டு அளவுக்குத் திரட்ட வேண்டியிருக்கும். இப்படி ஓட ஆள் சேர்க்கும் அமைப்புகளில் ஒன்று, கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் அறக்கட்டளை. சார்லஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் 1852-இல் வெறும் 10 படுக்கைகளோடு, நன்கொடையை நம்பித் தொடங்கிய மருத்துவமனை அது.

இந்த வழியில் வருபவர்களில் பலர் ஓட்டக்காரர்கள் இல்லை. அங்கே பிள்ளைக்கு வைத்தியம் பார்த்த பெற்றோர், அவர்களுடைய நண்பர்கள், ஆபீஸ் நாற்காலியிலேயே காலம் கழித்தவர்கள். ஓட்டம் ஏப்ரல் மாதம். ஜனவரியில் ஷூ வாங்குவார்கள். கையில் இருப்பது சுமார் 16 வாரம். 42.195 கிலோமீட்டர் ஓட உடம்புக்கு அது போதுமா? எந்த உறுப்பைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது பதில்.

ரத்தத்தைக் கேட்டால் தாராளமாகப் போதும் என்று சொல்லும். ஓட ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்திலேயே பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடிவிடும். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தைத் தள்ளும். அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு குறையும். சிவப்பணுக்கள் இந்த வேகத்துக்குப் பெருகாததால், அந்த நாட்களில் ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைந்துகூடக் காட்டும். ரத்தம் நீர்த்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

தசைக்கும் அவசரம் ஒத்துவரும். 1967-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலோசி எலிகளை டிரெட்மில்லில் மூன்று மாதம் ஓடவைத்துப் பார்த்தார். ஆக்சிஜனைக் கொண்டு சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் அவற்றின் தசைகளில் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தன. மனிதத் தசையிலும் சில வாரங்களிலேயே இந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது.

ஆக, மூன்றாவது நான்காவது வாரத்தில் ஒரு சுகம் வரும். மூச்சு இரைக்காது. பேசிக்கொண்டே ஓடலாம். நன்கொடைப் பக்கத்தில் பெயர்கள் சேரச் சேர, தூரத்தையும் கூட்டத் தோன்றும். என் கணக்கில் முழுப் பயிற்சியிலும் மோசமான கட்டம் இதுதான், ஏனென்றால் எலும்பு அப்போது முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கக்கூடும்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. முழு மராத்தானுக்குச் சுமார் 40,000 அடி. புதுச் சுமை ஏறும்போது முழங்காலுக்குக் கீழுள்ள முன்பக்க எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழும். எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் அதை உணர்ந்து தகவல் அனுப்ப, ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் வந்து பழுதான பகுதியை அரித்து எடுக்கும். அதற்குச் சுமார் மூன்று வாரம். பிறகு ஆஸ்டியோபிளாஸ்ட்கள் புது எலும்பை இட்டு நிரப்ப மூன்று மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நம்மூரில் சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டுத் தார் எப்போது வரும் என்று காத்திருப்போமே, அதே கதை. தோண்டிய இடம் நிரம்புவதற்குள் வண்டிகளை இரட்டிப்பாக விட்டால் விரிசல் பெரிதாகிவிடும்.

இதை முதலில் கவனித்தது விளையாட்டு மருத்துவர் அல்ல. பிரஷ்யப் படையின் மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட அணிநடைக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855-இல் பதிவு செய்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. எக்ஸ்-ரே வந்த பின், 1897-இல்தான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. இன்றும் எக்ஸ்-ரே இதில் முழுமையாக நம்பத்தக்கதல்ல. முதல் இரண்டு மூன்று வாரம் படம் சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும்.

விரலே ஓரளவு சொல்லிவிடும். கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழுள்ள முன்பக்க எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பைப் போர்த்திய சவ்வும் தசையும் ஒட்டுமிடத்தின் எரிச்சல். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், அதுவும் இரவில் படுத்திருக்கும்போதும் விடாவிட்டால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் வீம்பு இந்த வலியிடம் பலிக்காது.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் எலும்பையும் மிஞ்சிய சோம்பேறி. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் எகிறியிருந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் திசுக்களில் அது பதிந்துவிட்டது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-இல் இதை வைத்துக் குதிகால் நாணின் வயதைக் கணக்கிட்டார்கள். அதன் மையப்பகுதி சுமார் 17 வயதுக்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. நாற்பது வயதில் ஓடக் கிளம்பியவர் பள்ளிக்கூட நாளில் உருவான நாணை நம்பித்தான் ஓடுகிறார்!

எலும்பை ஏமாற்ற முடியாது, ஆனால் அதன் குணத்துக்கு ஏற்பப் பயிற்சியை மாற்றலாம். எலும்புச் செல்கள் ஒரே மூச்சில் வரும் சுமைக்குச் சீக்கிரமே மரத்துப்போகும். உணர்வு திரும்பச் சில மணி நேரம் வேண்டும். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சில எலிகளின் முன்னங்காலுக்கு ஒரே தடவையில் 360 அழுத்தங்கள் தந்தார்கள். வேறு சில எலிகளுக்கு அதையே 90 வீதம் நான்கு வேளையாகப் பிரித்துத் தந்தார்கள். பிரித்து வாங்கிய எலும்பே அதிக உறுதி பெற்றது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று ஓடுவதில் அர்த்தம் இருக்கிறது.

சவாலைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தால், ஒரு மாத அவகாசத்துக்கு நான் சைக்கிளைத்தான் சொல்வேன். டொராண்டோவின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனைக்காகக் கனடாவில் நடக்கும் கிரேட் சைக்கிள் சேலஞ்சில், மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை ஓட்டுபவரே முடிவு செய்துகொள்கிறார். எடையைச் சீட் தாங்குவதால் கால் எலும்பில் அடி விழாது. எலும்பு உறுதிப்படாது என்பது அதன் மறுபக்கம்.

ஓட்டத்தையே தேர்ந்தெடுத்து, நடுவில் கால் மக்கர் செய்தால், மருத்துவர் அனுமதித்த பிறகு, மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு தரை தொடாத ஆழத்தில் நீச்சல்குளத்தில் ஓடலாம். நான்கு முதல் ஆறு வாரம் வரை அப்படி ஓடியே இதயத்தின் திறனை ஏறக்குறைய அப்படியே காப்பாற்றிக்கொள்ள முடியும்.